கிராஸ்டர் கிப்பர்: வாங்கியதும் வீட்டில் சமைத்ததும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில் உள்ள கிராஸ்டர் என்ற சின்னஞ்சிறு மீனவ ஊரில், எல். ராப்சன் அண்ட் சன்ஸ் புகைக்கூடத்தின் கடையில் நான்கு ஜோடி கிப்பர், அதாவது பிளந்து உப்பிட்டுப் புகையூட்டிய ஹெர்ரிங் மீன், வாங்கினேன். ஒரு ஜோடியை மறுநாளே சமைத்து, மற்றவற்றை உறைபெட்டியில் வைத்து, அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒவ்வொரு முறையாகச் சமைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மீனைப் பொறுத்தவரை என் முடிவு எளிது: காசுக்குத் தகுந்த பொருள், தயங்காமல் வாங்கலாம். சமையலைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. கிப்பரின் சுவையைப் புகைக்கூடமே முடித்துக் கொடுத்துவிடுகிறது; வீட்டில் நாம் செய்யக்கூடியது பெரும்பாலும் அதைக் கெடுக்காமல் இருப்பதுதான். அந்தக் கெடுக்காமல் இருக்கும் வேலையில் நான் ஒருமுறை நன்றாகவே தோற்றேன் என்பதால், சமைக்கும் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிப்பர் என்பது ஒரு மீன் இனத்தின் பெயர் அன்று. வட அட்லாண்டிக் கடலில் கூட்டங்கூட்டமாக வாழும் ஹெர்ரிங் மீனை முதுகுப் பக்கமாகத் தலையிலிருந்து வால்வரை பிளந்து, குடல் நீக்கி, புத்தகத்தைத் திறந்து வைத்தாற்போல விரித்து, உப்புநீரில் ஊறவைத்து, பிறகு அனல் படாத குளிர்ந்த புகையில் தொங்கவிட்டால் அது கிப்பர் ஆகிறது. நம் ஊர் மத்திக்கு ஹெர்ரிங் நெருங்கிய உறவு. அதே வெள்ளிச் செதில், அதே கொழுப்பு, அதே எண்ணிலடங்காத மெல்லிய முட்கள், ஆனால் உடல் மட்டும் பெரியது. மத்தியை நாம் வயிற்றுப் பக்கம் கீறிக் கழுவுவோம். இவர்கள் முதுகைப் பிளந்து வயிற்றை முழுதாக விடுவது முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. கொழுப்பு மிகுந்த வயிற்றுச் சதை நடுவில் அறுபடாமல் நிற்பதால், புகையில் தொங்கும்போது இரு பக்கமும் சீராக விரிந்திருக்கிறது என்பதைச் சமைக்கும்போதுதான் கவனித்தேன்.

இதே மீனிலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் வேறு பண்டங்களும் செய்கிறார்கள். குடலை எடுக்காமல் முழு மீனாக இலேசான உப்பும் இலேசான புகையும் காட்டினால் அது புளோட்டர். கிழக்குக் கரையின் கிரேட் யார்மத் ஊர் அதற்குப் பெயர்பெற்றது. முழு மீனைச் சூடான புகையில் வேகும்வரை வைத்தால் பக்லிங். உப்பை அள்ளிப் போட்டு, வாரக்கணக்கில் புகையில் விட்டுச் செந்நிறமாக இறுகச் செய்தால் ரெட் ஹெர்ரிங். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது இந்தக் கடைசி வகைதான். நம் மாசிக்கருவாட்டை அறிந்தவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே புரியும்; அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்த சூரைமீனும் அதே தேவையில் பிறந்ததுதான். கிப்பர் அந்த அளவுக்குக் காய்வதில்லை. அது கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் நடுவில் நிற்கும் பொருள். ஆகவே சமைக்காமல் உண்பது வழக்கமில்லை, குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வைத்திருக்கவும் கூடாது.

கிராஸ்டரைப் பற்றி. துறைமுகம் என்று சொல்வதற்கே சற்றுக் கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சிறிய இரண்டு கற்சுவர்கள், அவற்றின் நடுவே சில படகுகள். 1904-இல் திபெத் படையெடுப்பில் கொல்லப்பட்ட கேப்டன் ஜான் கிராஸ்டரின் நினைவாக அவருடைய குடும்பத்தார் கட்டிய துறைமுகம் அது. இந்தியப் படையில் பணியாற்றிய ஒருவரின் பெயரை, கிப்பர் வாங்கப் போன இடத்தில் கல்லில் வாசிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்து வடக்கே கடற்கரைப் புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிபாடுகள். காற்று சரியான திசையில் அடித்தால் புகைக்கூடத்தின் ஓக் மர வாசம் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் கூடவே வருகிறது.

புகைக்கூடம் 1856-இல் கட்டப்பட்டது. கருங்கல் சுவர், கூரையில் மரப் பலகைகளாலான காற்றுத் திறப்புகள், உள்ளே நூற்றாண்டுக்கும் மேலான தாரும் புகைக்கரியும் படிந்து பளபளக்கும் கறுப்பு. மீனைப் பிளந்து உப்புநீரில் சிறிது நேரம் ஊறவைத்த பின், மரக்கட்டைகளில் வரிசையாக அடிக்கப்பட்ட கொக்கிகளில் மாட்டி, அடுக்கடுக்காக மேலே ஏற்றுகிறார்கள். தரையில் மரச்சீவலைக் குவித்து, அதன்மேல் ஓக் மரத்தூளைக் கொட்டி, தீ நாக்கு எழாமல் கனிந்துகொண்டே இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ பதினாறு மணி நேரம் மீன் அந்தப் புகையில் தொங்குகிறது. வெளிக்காற்றின் ஈரத்தையும் வேகத்தையும் பொறுத்துக் கூரைத் திறப்புகளை மூடியும் திறந்தும் சரிசெய்வது ஆளின் அனுபவத்தை நம்பிய வேலை. வெப்பம் மிஞ்சினால் மீன் வெந்து, கொக்கியிலிருந்து சதை கழன்று விழுந்துவிடும்.

கிப்பர் எங்கே பிறந்தது என்பதில் ஊர்களுக்குள் போட்டி உண்டு. கிராஸ்டருக்குச் சற்று வடக்கே உள்ள சீஹவுசஸ் ஊரார், 1843-இல் ஜான் வுட்ஜர் என்பவர் தங்கள் ஊரில்தான் முதல் கிப்பரைச் செய்தார் என்கிறார்கள். பிளந்து வைத்த மீன் கிடந்த கொட்டகையில் இரவெல்லாம் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே சால்மன் மீனைப் பிளந்து உப்பிட்டுப் புகையூட்டுவதற்குக் கிப்பர் என்ற சொல் வழக்கில் இருந்ததால், கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. யார்க்‌ஷயரின் விட்பி ஊரில் 1872 முதல் இயங்கும் ஃபார்ச்சூன்ஸ் என்ற புகைக்கூடத்துக்கும், ஐல் ஆஃப் மேன் தீவின் பீல் ஊர்க் கிப்பருக்கும், ஸ்காட்லாந்தின் லாக் ஃபைன் கிப்பருக்கும் தனித்தனி அபிமானிகள் இருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை என்பதால் ஒப்பிடப் போவதில்லை.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, புகையில் வைக்கும் நேரத்தைக் குறைத்து, இழந்த நிறத்தைச் சாயத்தால் ஈடுகட்டும் பழக்கம் பரவியது. நீண்ட நேரப் புகையில் மீனின் ஈரம் வற்றி எடை குறையும்; சாயம் போட்டால் எடையும் நிற்கும், நேரமும் மிச்சம். இதற்கெனவே ஒரு செயற்கைச் சாயம் இருந்தது: பிரவுன் எஃப்.கே. அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு 'ஃபார் கிப்பர்ஸ்', அதாவது 'கிப்பருக்காக' என்பதுதான். ஐரோப்பிய அனுமதிப் பட்டியலிலிருந்து அது பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மலிவான பொட்டலங்களில் அனாட்டோ விதையிலிருந்து எடுத்த நிறத்தைப் பார்க்கலாம். சாயமிட்ட கிப்பர் செம்பழுப்பாக, எல்லா மீனும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். நான் வாங்கியவை வெளிறிய தங்க நிறத்தில் இருந்தன. தோலில் வெள்ளி மறையவில்லை. சதையின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு. ஒரு மீனின் நிறம் அடுத்த மீனில் சரியாக இல்லை. இந்தச் சமனின்மையைத்தான் தேட வேண்டும்.

மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஊருக்கு எதிரே தெரியும் கடலில் பிடித்த மீன்தான் இது என்று எண்ணிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கு மீறிய பிடிப்பால் வட கடலின் ஹெர்ரிங் வளம் சரிந்து, 1977-இல் அங்கே ஹெர்ரிங் பிடிப்பதற்கே தடை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகே அது விலகியது. பிரிட்டனின் புகைக்கூடங்கள் பலவும் இன்று நார்வே, ஐஸ்லாந்து போன்ற இடங்களின் கொழுத்த மீனை வரவழைத்தே புகையூட்டுகின்றன. கிப்பருக்குக் கொழுப்பு இன்றியமையாதது என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை. ஒல்லி மீன் புகையில் அட்டைபோல ஆகிவிடும்.

இனி அடுப்படி. முதல் ஞாயிறு கிரில். பிரிட்டிஷ் வீட்டு அடுப்பில் கிரில் என்பது மேலிருந்து அனல் இறங்கும் தட்டு. அதை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி, அலுமினியத் தாள் விரித்த தட்டில் மீனைத் தோல் மேலே இருக்குமாறு வைத்து ஒரு நிமிடம், பிறகு திருப்பிச் சதைப் பக்கத்தில் ஒரு துண்டு வெண்ணெய் வைத்து நான்கைந்து நிமிடம் என்பதே வழக்கமான குறிப்பு. நான் முதல் தடவையில் மீனுக்கு நம் ஊர் வறுவலின் நிறம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அது பெரும் பிழை. கிப்பர் ஏற்கெனவே நிறம் கண்ட மீன். கண்ணால் பார்த்து வெந்ததா என்று முடிவுசெய்ய முடியாது. ஒன்பதாம் நிமிடத்தில் மீனின் எண்ணெய் தட்டில் விழுந்து புகைந்து, கூடத்துப் புகையுணர்கருவி அலறத் தொடங்கியது. கதவுகளைத் திறந்து துணியால் விசிறி அதை அடக்கிவிட்டு வந்து பார்த்தால், விளிம்புகள் கருகி, நடுச்சதை வறண்டு, உப்பு மட்டும் இரட்டிப்பாகத் தெரிந்தது. இரண்டாவது மீனை ஐந்து நிமிடத்தில் எடுத்தேன். ஓரங்கள் மொறுமொறுப்பாக, சதை இதழ் இதழாக, வெண்ணெயும் மீன் கொழுப்பும் கலந்து வழிய, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மீனா இது என்று வியக்கும்படி இருந்தது.

வாணலி முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரித்த கிப்பர் சாதாரண வாணலியில் அடங்குவதில்லை. தலையையும் வாலையும் நறுக்கித்தான் வைக்க வேண்டும். தோல் நன்றாக முறுகுகிறது, வாசமும் திரைச்சீலைவரை ஏறுகிறது.

அடுத்தது குடுவை முறை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டில் வசிக்கும் மூதாட்டி. என் கிரில் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தம் தாயார் இதற்கென்றே ஓர் உயரமான பீங்கான் குடுவை வைத்திருந்ததாகச் சொன்னார். குடுவையை முதலில் வெந்நீரால் சூடாக்கிக் கொட்டிவிட்டு, கிப்பரைத் தலைகீழாக, வால் மட்டும் வெளியே தெரியுமாறு இறக்கி, கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி, மேலே ஒரு தட்டை மூடி, ஆறிலிருந்து எட்டு நிமிடம் விட வேண்டும். பிறகு வாலைப் பிடித்துத் தூக்கி, நீரை வடித்து, மேலே வெண்ணெய். அடுப்பே தேவையில்லை, தேநீர்க் கெண்டி போதும்.

இது இவ்வளவு நன்றாக வருவதன் காரணம் யோசித்தால் புரியும். நீர் குடுவைக்குள் விழுந்த கணத்திலிருந்து அதன் சூடு இறங்கிக்கொண்டே போகிறது. மீன் வேகத் தேவையான வெப்பத்தைத் தந்துவிட்டு, வறட்டும் அளவுக்கு நீடிக்காமல் தணிந்துவிடுகிறது. மறந்துபோய் இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டாலும் பெரிய கேடு இல்லை. மிகுதி உப்பும் நீரில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. குறையும் உண்டு: புகையின் மணத்திலும் ஒரு பங்கு நீரோடு போய்விடுகிறது, தோல் சொதசொதவென்று ஆகிறது. அந்தத் தோலை யாரும் உண்ணப் போவதில்லை என்றால் கவலையில்லை.

மூன்றாவது ஞாயிறு இரண்டையும் இணைத்துப் பார்த்தேன். குடுவையில் மூன்று நிமிடம், எடுத்து ஈரம் போகத் துடைத்து, வெண்ணெய் தடவி, கொதித்துக்கொண்டிருக்கும் கிரில்லுக்குக் கீழே இரண்டே நிமிடம். உள்ளே ஈரம், ஓரத்தில் மொறுமொறுப்பு, உப்பு அளவாக, வாசம் சமாளிக்கும்படி. மூதாட்டிக்கு இதைச் சொன்னபோது, இரண்டு பாத்திரம் கழுவ வேண்டுமே என்றார். அதுவும் நியாயமே. என் வீட்டில் இப்போது இந்த முறையே நிலைத்துவிட்டது.

உண்ணும் கலை தனி. பொரித்த மத்தியை விரலால் பிரித்து உண்டு பழகிய நமக்கே கிப்பரின் முட்கள் முதலில் எரிச்சலூட்டும். முள்ளுக்கரண்டியும் கத்தியுமாக உட்கார்ந்தால் இன்னும் அதிகம். உபாயம் இதுதான்: தட்டில் தோல் மேலே இருக்குமாறு மீனை வைத்து, விளிம்பில் கத்தியைச் செருகித் தோலை மெல்ல உரித்துவிட வேண்டும். தோலை ஒட்டியுள்ள சதையில் முள் குறைவு; முட்கள் பெரும்பாலும் அதற்கு அடியில், உட்பக்கமாகக் கிடக்கின்றன. மேலிருந்து சதையை வழித்து உண்டுகொண்டே போனால் எலும்புச் சட்டகம் தட்டிலேயே தங்கிவிடும். சதைப் பக்கத்தை மேலே வைத்து உண்ணத் தொடங்கினால் முதல் வாயிலேயே முள்தான்.

பக்கத்துணையாகப் பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும், ஒரு துண்டு எலுமிச்சை, விரும்பினால் வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டை, பால் கலந்த கடுந்தேநீர். இந்த வரிசையை நான் மாற்றிப் பார்த்துத் தோற்றேன். தக்காளிச் சாறு மீனை அமுக்கிவிடுகிறது. ஊறுகாயோ உப்பின் மேல் உப்பு. எலுமிச்சையின் புளிப்பும் தேநீரின் துவர்ப்பும் மட்டுமே அந்தக் கொழுப்பை வெட்டும் வலிமை பெற்றவை. லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ஓடிய பிரைட்டன் பெல் ரயிலின் உணவுப் பட்டியலிலிருந்து கிப்பரை நீக்கியபோது, நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்துத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். 1972-இல் அந்த ரயிலே நிறுத்தப்பட்டுவிட்டது. ஓடும் ரயிலில் இந்த முட்களை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது.

ஒப்பீட்டுக்காக ஒரு பல்பொருள் அங்காடியின் பைக் கிப்பரையும் வாங்கினேன். தோலோடு முள் நீக்கிய சதைத் துண்டுகள், வெண்ணெயோடு பிளாஸ்டிக் பையில் அடைக்கப்பட்டவை. பையோடு கொதிநீரில் போட்டால் வேலை முடிந்தது. வீட்டில் வாசமே எழாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவும் எளிது. ஆனால் சதை மாவுபோல் குழைந்து, புகை மேலோட்டமாக நின்று, முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வேறுபாடின்றி இருந்தது. முள்ளோடு சமைத்த மீனுக்கும் முள் எடுத்த மீனுக்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டப்பாவில் வரும் கிப்பர் வேறு பொருள். அது ரொட்டியில் பரப்புவதற்கு, அவ்வளவே.

வாசத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் இதை வாங்கமாட்டார்கள். வாடகை வீட்டில் கருவாடு வறுத்துவிட்டு, மாடிப்படியில் யாரையும் சந்திக்காமல் இறங்க முயன்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதே தயக்கம் இங்கேயும் இருக்கிறது. கிப்பர் பிடிக்கும், ஆனால் வீட்டில் சமைப்பதில்லை என்று சொன்ன ஆங்கிலேயர்கள் ஒருவர் இருவர் அல்லர். கிரில்லில் சமைத்த நாளில் வாசம் மறுநாள் மாலைவரை நின்றது. குடுவையில் வைத்த நாளில் மதியத்துக்குள் மறைந்தது. தோலையும் எலும்பையும் உடனே காகிதத்தில் சுற்றி வெளிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்பதே இதில் பாதிப் பாடம்.

ஒருவருக்கு ஒரு மீன் தாராளம். மிஞ்சியதை வீணாக்க வேண்டாம். முள் பார்த்து உதிர்த்து, சோற்றோடும் அவித்த முட்டையோடும் கறித்தூளோடும் கிளறினால் கெட்ஜரி. நம் நாட்டுக் கிச்சடி ஆங்கிலேயரோடு கப்பலேறிப் போய், பருப்பை இழந்து மீனைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய காலை உணவு மேசையில் உட்கார்ந்த கதை அது. வழக்கமாக அதில் புகையூட்டிய ஹாடக் மீன்தான் சேரும். கிப்பரும் பொருந்துகிறது, உப்பை மட்டும் தனியாகப் போடக் கூடாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்து உதிர்த்த கிப்பரைப் புரட்டி மதியச் சோற்றுக்கு வைத்துக்கொண்டதையும் ஒப்புக்கொள்கிறேன். தூத்துக்குடிக்காரரான என் கணவர் காலை மீனைவிட அதையே அதிகம் புகழ்ந்தார்.

விலையைச் சொல்வதானால், அங்கே ஒரு ஜோடிக்குக் கொடுத்தது லண்டன் உணவகம் ஒன்றில் ஒரு பிரியாணிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடுவை முறைக்கு வெளியே போகாமல் இருப்பது நல்லது. உறைபெட்டியில் வைத்த மீனை முந்திய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெல்ல இளக விட்டால், புதிதாக வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நான்காவது ஜோடி இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டியை வரும் ஞாயிற்றுக்கிழமை அழைத்திருக்கிறேன். குடுவையைத் தாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.